பழைய இங்கிலாந்து நாடகத்துக்கு எந்தத் தொப்பி தைப்பது?

கல்லூரி நாடகக் குழுவாகட்டும், சபை வாலிபர் சங்கமாகட்டும், பழைய இங்கிலாந்தில் நடக்கும் கதையை மேடையேற்றும்போது கவுனுக்கு மெனக்கெடுகிறார்கள். துணிக்கு அலைகிறார்கள், பழைய ஓவியங்களைப் பார்க்கிறார்கள், இடுப்பு அளவை இரண்டு முறை எடுக்கிறார்கள். தலை என்று வரும்போது மட்டும் எல்லாரும் ஒரே வழியில் போகிறார்கள். வெள்ளைத் துணியை வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி எலாஸ்டிக் அடித்தால் தொப்பி முடிந்தது. 1600-இல் வாழ்ந்தவளுக்கும் அதுதான், 1860-இல் வாழ்ந்தவளுக்கும் அதுதான். எஜமானி வெறுந்தலையோடு நிற்பாள், வேலைக்காரப் பெண் அந்த வட்டத்தை மாட்டிக்கொண்டு தட்டு ஏந்தி வருவாள். நாடக உடை தைப்பவள் என்கிற முறையில் இதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனசு வலிக்கிறது. அதே நேரத்தில், அதைவிடக் குறைந்த துணியில் சரியான தொப்பியைத் தைத்துவிடலாம். எதைத் தைப்பது என்று முடிவு செய்வதில்தான் சிக்கல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மணமான பெண் வீட்டுக்குள் தலையை மூடியிருப்பதே வழக்கம். அடக்கம், மத நம்பிக்கை, குளிர், அடுப்புப் புகை, தலைமுடியை அடிக்கடி அலச வழியில்லாத வாழ்க்கை எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் அது. வெளியே போகும்போதும் இந்தத் தொப்பியைக் கழற்றுவதில்லை. வைக்கோல் தொப்பியையோ தாடைக்குக் கீழே நாடா கட்டும் பானட்டையோ இதற்கு மேலேயே வைத்துக் கட்டிக்கொள்வார்கள். உள்ளாடையைப் போல இதுவும் துவைத்து வெளுக்க வேண்டிய வெள்ளைத் துணிதான். எஜமானி, வேலைக்காரி இருவருமே அணிந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இருவருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் துணியின் நயத்திலும் லேஸிலும்தான் தெரிந்தது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் ஓவியர் ஹோகார்த் தன் வேலையாட்கள் ஆறு பேரின் முகங்களை வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது, 1750-களைச் சேர்ந்தது. அதிலுள்ள பெண்களின் தொப்பிகளை உற்றுப் பாருங்கள். வேலைக்காரப் பெண்ணுக்கென்று தனியாக ஒரு கோமாளித் தொப்பி அந்தக் காலத்தில் கிடையாது. தொப்பியும் ஏப்ரனும் சேர்ந்து பணிப்பெண்ணின் சீருடையானது, மற்ற பெண்கள் தொப்பியைக் கைவிடத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே 1775-இல் நடக்கும் கதையில் பணிப்பெண்ணுக்கு மட்டும் தொப்பி வைத்தால் கதை நூறு வருஷம் முன்னால் தாவிவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

தைக்க ஆகச் சுலபமானது காய்ஃப். முதலாம் எலிசபெத், முதலாம் ஜேம்ஸ் காலத்து இங்கிலாந்தின் தொப்பி. லினன் துணியில் ஒரே ஒரு துண்டு போதும். மிஞ்சியிருக்கும் பழைய காய்ஃப்களைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் அகலமும் 23 சென்டிமீட்டர் உயரமும்தான் இருக்கும். அதை நடுவில் மடித்து உச்சியில் ஒரு தையல் போட வேண்டும். பின்னுச்சிப் பக்கம் கொஞ்சம் தைக்காமல் விட்டு, அந்த இடத்தைச் சின்ன வட்டமாகச் சுருக்கிக் கட்ட வேண்டும். கழுத்துப் பக்கம் நாடா கோர்க்க ஓரத்தை மடித்து அடித்தால் வேலை முடிந்தது. முன்ஓரம் கன்னத்தை ஒட்டி லேசாக வளையும். இதோடு நெற்றியில் முக்கோணத் துணி ஒன்றையும் கட்டுவார்கள். வசதியான வீட்டுக் காய்ஃப்களில் வெள்ளை லினன்மேல் கறுப்புப் பட்டு நூலால் கொடியும் பூவும் போட்டிருப்பார்கள். அடுத்து வந்த காலத்தில் வண்ண நூலும் ஜரிகையும் சேர்ந்தன. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. சாதாரணப் பெண்ணுக்கு வெறும் வெள்ளையே போதும்.

நம் நடிகைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்தக் காலத்துப் பெண்கள் முடியைப் பின்னி, நாடாவோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டி, அதன் மேல்தான் காய்ஃபை மாட்டினார்கள். நீளமான சடையுள்ள பெண்ணுக்கு இது இயல்பாக வரும். முடியைக் கிராப் வெட்டியவருக்குத்தான் சிரமம், உள்ளே பிடிமானம் இல்லாமல் தொப்பி வழுக்கும். உள்ளே ஒரு துணிப்பட்டையை இறுக்கிக் கட்டி, அதில் ஊசி குத்தினால் நின்றுவிடும்.

குறை என்னவென்றால், காய்ஃபின் காலம் குறுகியது. 1550-இலிருந்து 1640-கள் வரை தைரியமாகப் பயன்படுத்தலாம். ஷேக்ஸ்பியர் காலத்து உடையில் நாடகம் போடுபவர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை. அதைத் தாண்டினால் பொருந்தாது. ஃபிரில் தைத்து 1770-க்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம், அது எந்தக் காலத்துக்கும் சேராமல் நடுவில் நிற்கும்.

அடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டுத் தொப்பி. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வகையைத் தைக்கத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், என் தேர்வு இதுதான்.

இதில் மூன்று துண்டுகள். நெற்றிக்கு மேலே ஒரு காதிலிருந்து மறு காது வரை வரும் பட்டை ஒன்று. கொண்டையை உள்வாங்கிக்கொள்ளும் பை ஒன்று, தலைகீழாகப் பிடித்த 'ப' வடிவத்தில், மேல்பக்கத்து மூலைகளை வளைத்து வெட்டியது. பட்டையின் முன்ஓரத்தில் தைக்கும் ஃபிரில் ஒன்று. பையின் வளைந்த ஓரத்தைச் சுருக்கிப் பட்டையின் பின்ஓரத்தோடு இணைக்க வேண்டும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சுருக்கத்தை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரப்பக் கூடாது. உச்சியில் நெருக்கமாக வைத்து, காதுக்கு அருகே வரும்போது சுருக்கமே இல்லாமல் தட்டையாக முடிக்க வேண்டும். பையின் அடிஓரத்தில் நாடா ஓடும். அதை இழுத்துக் கட்டினால் பிடரியில் துணி ஒட்டி நிற்கும், உச்சியில் மட்டும் உப்பும். முன்ஓரம் முகத்துக்குச் சட்டம் போட்டாற்போல் அமையும். எலாஸ்டிக் வட்டத்தில் இது நடக்கவே நடக்காது. அதில் துணி நாலாபக்கமும் ஒரே மாதிரி சுருங்கி, குளிக்கும்போது மாட்டும் பிளாஸ்டிக் உறைபோலத் தலையில் உட்கார்ந்துவிடும். நெற்றி மறையும், பிடரி உப்பும், ஃபிரில் கண்ணில் விழும்.

அந்தக் காலத்துக் கையுருட்டுச் சுருக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு முறையாவது செய்து பாருங்கள். துணியின் வெட்டிய ஓரத்தை விரல் நுனியில் லேசாக ஈரம் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டுங்கள். ஊசி காதளவுக்கும் குறைவான குழல் கிடைக்கும். ஊசியைத் துணிக்குள் குத்தாமல், அந்தக் குழலைச் சுற்றி நூல் புரண்டு போகும்படி சாய்வாகத் தையல் போட்டுக்கொண்டே போங்கள். ஒரு சாண் தைத்ததும் நூலை இழுத்தால் ஓரம் முழுவதும் மணிமணியாகச் சுருங்கும். ஒவ்வொரு மணியையும் பட்டையின் ஓரத்தோடு ஒரு தையலால் பிடித்தால் ஃபிரில் உள்பக்கமும் பிசிறில்லாமல் நிற்கும். ஒரே வேலையில் ஓரமும் அடிபட்டது, சுருக்கமும் வந்தது, இணைப்பும் முடிந்தது. மெல்லிய துணியில் இது எவ்வளவு அழகாக விழும் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நேரமில்லாதவர்கள் ஃபிரிலின் வெளிஓரத்துக்குச் சேலைக்கு அடிக்கிற பீக்கோ அடித்துக்கொள்ளலாம். மூன்றாவது வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. புகைப்படத்தில் தெரியும்.

துணிக்கு வெளியூரில் தேட வேண்டியதில்லை. நயமான நூலில் நெய்த கரையில்லாத மல் வேட்டித் துணி கிட்டத்தட்ட எல்லாத் தேவைக்கும் போதும். அசலில் முதலில் மெல்லிய லினன், நூற்றாண்டின் பிற்பாதியில் பருத்தி மஸ்லின். அந்த மஸ்லினில் மிக உயர்ந்த ரகம் வங்காளத்திலிருந்துதான் கப்பலேறிப் போனது. ஆகவே 1780-க்குப் பிறகான கதைக்கு நம் ஊர் மெல்லிய பருத்தி சமரசமே இல்லை, சரியான பொருளே அதுதான். பாலியஸ்டர் கலந்த துணியை மட்டும் தொடாதீர்கள். அது உருட்டவும் வராது, சுருக்கவும் மடங்காது, மேடை விளக்கில் நீலமாக மினுங்கும்.

இந்த ஒரே வெட்டு எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் என்னைக் கவர்ந்த விஷயம். பையைச் சின்னதாக வெட்டி, ஃபிரிலைக் குறுக்கி, தலையோடு ஒட்ட வைத்தால் 1740-கள். 1770-களில் முடியை உயரமாகத் தூக்கி வாரினார்கள், தொப்பியும் கூடவே பெரிதானது. பையை அகலமாக்கி, ஃபிரிலைக் கன்னத்தின் இருபக்கமும் இறக்கையாக விட்டு, பட்டையை உச்சிக்குப் பின்னால் தள்ளினால் அந்தக் காலம் வந்துவிடும். இன்னும் பெரிதாக ஊதவைத்து, அகலமான ரிப்பனைச் சுற்றினால் நூற்றாண்டின் கடைசி. கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த மார்த்தா வாஷிங்டன் ஓவியத்தில் அந்தத் தொப்பிதான். அதற்குப் பிறகு மஸ்லின் மெலிந்தது, பை பின்னுச்சியில் ஏறி நின்றது, முன்பக்கம் சுருள்முடி வெளியே தெரிந்தது. அப்போது ஜேன் ஆஸ்டின் காலத்துக்கு வந்துவிட்டோம்.

ஜேன் ஆஸ்டின் 1798 டிசம்பரில் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், மாலை நேரத்தில் போட்டுக்கொள்ள இரண்டு மூன்று தொப்பிகள் தைத்திருப்பதாகச் சொல்கிறார். தலை அலங்காரம் செய்யும் பெரும் தொல்லை விட்டது, நீளமுடியைப் பின்னி உள்ளே மறைத்துவிடுகிறேன், முன்னால் இருக்கும் குட்டைமுடி தானாகவே சுருண்டுகொள்கிறது என்கிறார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுகூட முடியவில்லை, மணமாகவும் இல்லை. தொப்பி என்றாலே கிழவி என்று நினைத்து இளம் பாத்திரத்துக்கு அதைத் தவிர்ப்பவர்கள் இந்தக் கடிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கசாண்ட்ரா 1810-ஐ ஒட்டி வரைந்த சிறு படத்திலும் ஜேன் தொப்பியோடுதான் இருக்கிறார். கூடவே, முடியை எப்படி வார வேண்டும் என்ற குறிப்பும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. பின்னலை உள்ளே சுருட்டு, நெற்றியோரம் மட்டும் சுருள் விடு.

இந்த வகைக்கும் ஒரு சிரமம் உண்டு, தலைமுடி. பதினெட்டாம் நூற்றாண்டில் முன்முடியை வகிடெடுக்காமல் மேலே தூக்கி வாரினார்கள். நம் நடிகைகளின் நடுவகிடு அங்கே பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒத்திகையின்போதே முன்முடியைத் தூக்கி வாரிப் பழக வேண்டும். அடர்த்தியான கொண்டை உள்ளவருக்குப் பையைச் சொன்ன அளவைவிட நாலு விரல் கூட்டி வெட்டுங்கள்.

விக்டோரியா காலத்துக்கு வந்தால் கணக்கு வேறு. 1809-இல் ஜான் ஹீத்கோட் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வலையும் லேஸும் மலிவாகின. 1840-களிலிருந்து தொப்பி தலையை மூடுவதை விட்டுவிட்டுத் தலையை அலங்கரிக்கத் தொடங்கியது. பின்தலையில் உட்காரும் சின்ன வலை, அதைச் சுற்றி லேஸ், ரிப்பன் முடிச்சு, இருபக்கமும் தோள்வரை தொங்கும் லேஸ் வால்கள். தையல் குறைவு, அடுக்கிக் குத்துவதுதான் வேலை. மலிவான காட்டன் லேஸ் கடையில் சுருளாக வாங்கி, ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். நம் நடுவகிடு இங்கேதான் கைகொடுக்கும். நடுவகிடெடுத்துக் காதை மூடி வாரி, பின்னால் தாழ்ந்த கொண்டை போட்டால், 1850-ஆம் வருஷத்து இங்கிலாந்துப் பெண்ணின் தலை அச்சு அசலாக அதுதான்.

ஆனால் இந்தத் தொப்பி வயதைச் சொல்லும். 1860-களுக்குள் இளம்பெண்கள் இதை விடத் தொடங்கினார்கள், நூற்றாண்டின் முடிவில் பாட்டிமார் தலையில் மட்டும் மிஞ்சியது. விஸ்லர் 1871-இல் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், கறுப்பு உடைக்கு மேலே வெள்ளை லேஸ் தொப்பியும் தொங்கும் வால்களும் இருக்கும். அந்த அம்மாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கதை 1870-க்குப் பிறகு என்றால், தாய்க்கும் பாட்டிக்கும் மட்டும் தையுங்கள், கதாநாயகி வெறுந்தலையோடு இருக்கலாம்.

விதவைத் தொப்பி இதிலேயே ஒரு கிளை. கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14-இல் இறந்த பிறகு, 1901-இல் தான் இறக்கும்வரை விக்டோரியா அரசி கறுப்பு உடையையும் வெள்ளை விதவைத் தொப்பியையும் விடவேயில்லை. அவருக்காக 1870-இல் செய்த சிறு வைரக் கிரீடம் அந்தத் தொப்பியின் மேல் வைப்பதற்காகவே அவ்வளவு சிறியதாக அமைந்தது. நெற்றி நடுவில் ஒரு முனை கீழிறங்கி, பின்னால் மெல்லிய துணி தொங்கும். விக்டோரியா பாத்திரம் இருந்தால் கிரீடத்தைவிட முதலில் இதைச் சரியாகச் செய்யுங்கள்.

நம் பார்வையாளர்களை வைத்து யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். வெள்ளைத் தலைத்துணியைக் கண்டதும் நமக்கு நினைவுக்கு வருவது நர்ஸ் அல்லது கன்னியாஸ்திரி. விறைப்பாகக் கஞ்சி போட்டு முன்ஓரத்தைத் தட்டையாக நிமிர்த்தினால், அரங்கில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக் காட்சி என்றே நினைப்பார்கள். அதனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொப்பிக்கு இளநீலம், ரோஸ் போன்ற நிறத்தில் ரிப்பன் கட்டுங்கள். அது அந்தக் காலத்து வழக்கமும்கூட. கஞ்சி ஃபிரிலுக்கு மட்டும், அதுவும் நீர்க்க. ஜவ்வரிசிக் கஞ்சி வடிகட்டிப் போட்டால் துணியில் வெள்ளைப் புள்ளி விழாது. கஞ்சி போடும் கலையை 1564-இல் லண்டனுக்கு வந்த டிங்ஹென் வான் டென் பிளாஸ் என்ற பிளெமிஷ் பெண் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாராம். நம் வீடுகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

சபை நாடகங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் மனைவியாக 1716-இல் வந்திறங்கிய மரியா டோரோதியா போன்ற ஒரு பாத்திரத்துக்கு, மாப் கேப் என்கிற, நூற்றாண்டின் கடைசியில் வந்த ஊதிய தொப்பி எந்த வகையிலும் பொருந்தாது. தலையோடு ஒட்டிய, ஃபிரில் குறைந்த சிறு தொப்பி வையுங்கள். மேலே சொன்ன மூன்று துண்டு வெட்டிலேயே பையைக் குறுக்கினால் வந்துவிடும். சிறைக் கைதிகளுக்காக உழைத்த எலிசபெத் ஃபிரை போன்ற, எளிமையை வலியுறுத்தும் குவேக்கர் சபைப் பெண்ணுக்கு ஃபிரிலே கூடாது, ரிப்பனும் கூடாது. மெல்லிய மஸ்லின், பின்னால் சிறு மடிப்புகள், தாடைக்குக் கீழே கட்டும் நாடா. 2002-லிருந்து 2017 வரை புழங்கிய இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் அவர் படம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாரிடமாவது பழைய நோட்டு இருந்தால், அதைவிட நல்ல மாதிரி வேண்டாம்.

கடைசியாக, அந்த எலாஸ்டிக் வட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1910-களில் பெண்கள் காலையில் படுக்கையறையில் அணிந்த பூடுவார் கேப் வட்டமாகவே வெட்டப்பட்டது. பட்டு அல்லது வலைத்துணி, சுற்றிலும் லேஸ், பக்கத்தில் சாட்டின் ரிப்பனில் செய்த குட்டி ரோஜா. இரவு உடையோடு, அறைக்குள் மட்டும். முடியைக் குட்டையாக வெட்டும் பழக்கம் பரவியதும் அதுவும் மறைந்தது. உங்கள் கதை முதல் உலகப்போர்க் காலத்தில், ஒரு படுக்கையறையில் நடந்தால் தாராளமாக வட்டத்தை வெட்டுங்கள். வேறெங்கும் வேண்டாம்.

ஆக, கதை 1640-க்கு முன் என்றால் காய்ஃப். 1840-லிருந்து 1870-க்குள் என்றாலும், அதற்குப் பிறகு வயதான பாத்திரங்கள் என்றாலும் லேஸ் தொப்பி. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து 1840 வரை எங்கே விழுந்தாலும் மூன்று துண்டுத் தொப்பி. குழுவுக்கு நிரந்தரமாக உடைப்பெட்டி சேர்க்கிறவர்கள் இந்த மூன்றாவதைத்தான் முதலில் தைக்க வேண்டும். ஃபிரிலைத் தனியாக ஓட்டுத் தையலில் பிடித்து வையுங்கள், அடுத்த நாடகத்துக்குப் பிரித்துவிட்டு வேறு அகலத்தில் மாற்றலாம். எஜமானிக்கு மிக நயமான துணியும் லேஸும், பணிப்பெண்ணுக்குக் கொஞ்சம் தடித்த துணியும் வெறும் ஃபிரிலும், ஆனால் வெட்டு இருவருக்கும் ஒன்றே. தைத்து முடித்ததும் மேடை விளக்குக்குக் கீழே ஒரு முறை நிற்க வைத்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் ஃபிரிலின் நிழல் கண்ணை மறைத்தால், பட்டையை ஓர் அங்குலம் பின்னால் தள்ளி, உள்பட்டையோடு சேர்த்து இரண்டு ஊசி குத்திவிடுங்கள்.